யாரும் கூப்பிடாத பேரு

ஒரு ஊர்ல ஒரு பேரு இருந்துச்சாம். ராசா இல்ல, ராணி இல்ல, நரி இல்ல. வெறும் பேரு. நல்ல பேரு, நீளமான பேரு. ஆனா அதை யாரும் வாயைத் திறந்து கூப்பிடவே மாட்டாங்களாம்.

ஏன் மாட்டாங்கன்னு இப்பவே கேட்டா எப்படி? காலை என் மேலருந்து எடு முதல்ல. ஆங். அத்தை சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும். கொட்டு பாப்போம். ம். அப்படித்தான்.

அந்தப் பேரு ஒரு தாத்தாவோட பேரு. வெயிலுமுத்து. எங்க, நீ ஒருக்கா சொல்லு. வெயிமுத்து இல்ல, வெயிலுமுத்து. சரி விடு, நாளைக்குச் சொல்லிப் பழகிக்கலாம்.

அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னா, அவுக ஊரு கரிசக்காட்டு ஊரு. பருத்தியும் மிளகாயும் விளையிற ஊரு. அங்கருந்து மேக்க ரொம்ப தூரத்துல, ஒரு பொட்டல்ல, ஒரு அம்மன் இருந்தா. அவ பேரு வெயிலுகந்தா. உகந்தான்னா பிரியப்பட்டான்னு அர்த்தம். வெயிலு மேல பிரியப்பட்டவ. அவ தலைக்கு மேல கூரையே கிடையாது. ஒருக்கா ஊர்க்காரங்க பாவம் பார்த்து ஓலைக் கொட்டகை போட்டாகளாம். விடிஞ்சு பார்த்தா, கொட்டகை பறந்து போய்க் கண்மாய்க்குள்ள கிடக்குது. எனக்கு எதுக்குடா கூரைன்னு பிச்சு எறிஞ்சுட்டா. அவ்வளவு ரோசக்காரி.

அந்தத் தாத்தாவோட ஆத்தா, ரொம்ப நாளா பிள்ளை இல்லாம, அந்த அம்மனை உச்சி வெயில்ல வெறுங்காலோட சுத்திச் சுத்தி வந்தா. பாதமெல்லாம் கொப்புளம். அப்புறம் ஒரு பங்குனி மாசம், மிளகாய் பிடுங்கப் போன காட்டுலயே வலி வந்து, அங்கயே 'குவா'ன்னு பிள்ளை பிறந்துச்சு. வெயிலுகந்தா குடுத்த முத்து. அதனால வெயிலுமுத்து. ம்?

அப்புறம் அந்தப் பிள்ளை வளர்ந்து, மீசை முளைச்சு, உச்சிமாளின்னு ஒரு பொண்ணைக் கட்டினாரு. கட்டின அன்னைக்கே உச்சிமாளிகிட்ட அவ ஆத்தா காதுல சொல்லி அனுப்பினா. "இந்தாரு, புருசன் பேரைப் பொம்பளை வாயால சொல்லக் கூடாது. சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்." யாரு கண்டது, யாரு எண்ணிப் பார்த்ததுன்னு நான் கேக்க மாட்டேன். ஆம்பளை பேரு பொம்பளை வாயில பட்டா சோப்புக்கட்டி கணக்கா தேஞ்சு போயிருமாம். அப்படி ஒரு நம்பிக்கை. அவளும் நம்பினா.

பேரு மட்டுமா? பேருக்குள்ள இருக்கிற வார்த்தையையும் சொல்லக் கூடாது. அப்போ உச்சிமாளி வெயிலுங்கிற வார்த்தையைச் சொல்லக் கூடாது. கரிசக்காட்டுல குடியிருந்துக்கிட்டு, மண்டை பிளக்கிற வெயில்ல நின்னுக்கிட்டு, அவ வெயிலுன்னு சொல்லக் கூடாது! என்ன செய்வா? "மேல காயுறது"ன்னு சொல்லுவா. "இன்னைக்கு மேல காயுறது சாஸ்தி"ம்பா. முத்துன்னும் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுல முத்தம்மான்னு ஒருத்தி. அவளை "ஏ வேப்பமரத்து வீட்டுக்காரி"ன்னுதான் கூப்பிடுவா. அந்த வேப்பமரம் பட்டுப் போயி, அதை வெட்டி, அடுப்புல வச்சு எரிச்சும் ஆச்சு. அப்பவும் அவ வேப்பமரத்து வீட்டுக்காரிதான்.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் போயிரும்.

அப்புறம் அவுகளுக்கு ஒரு மகன். சங்கையான்னு பேரு. அவனுக்கு ஆவுடைன்னு ஒரு பொண்ணைக் கட்டி வச்சாக. நம்ம கதை இந்த ஆவுடை கதைதான். நல்லா கேட்டுக்கோ. அவ வந்த மறுநாள் காலையில முறத்துல பழமிளகாயை எடுத்துக்கிட்டு வெள்ளந்தியா வந்து நின்னா. "அத்தை, வெயிலு நல்லா அடிக்குது. மிளகாயைக் காயப் போடட்டா?"ன்னு கேட்டா.

பொத்துன்னு உச்சிமாளி கையில இருந்தது கீழ விழுந்துச்சு. பாய்ஞ்சு வந்து மருமக வாயைப் பொத்தினா. எந்தக் கையால? மிளகாய்க் காம்பு கிள்ளிக்கிட்டு இருந்த கையால! ஆவுடைக்கு வாயெல்லாம் எரிச்சல். உஸ்ஸு உஸ்ஸுன்னு ரெண்டு செம்பு மோர் குடிச்சா. அன்னையிலருந்து அந்த வார்த்தை அவ நாக்குக்கே வரல. வந்தாலும் மிளகாய் ஞாபகம் வந்து உள்ளயே போயிரும்.

ஆனா மிளகாய்க்குப் பயந்து மட்டும் அவ சொல்லாம இருக்கல. அவளுக்கு மாமனார் மேல உசுரு. அவ தகப்பன் இல்லாத பொண்ணு. இந்தத் தாத்தா சந்தைக்குப் போனா, பொண்டாட்டிக்கு வெத்தலை, மருமகளுக்குக் கருப்பட்டி மிட்டாய்னு தனித்தனியா முடிஞ்சு வாங்கிட்டு வருவாரு. "சாப்பிட்டியா தாயி"ன்னு அவரு கேக்காம அந்த வீட்டுல அவ ஒரு ராத்திரி படுத்ததில்ல. அந்த மனுசனுக்கு என்னால ஆயுசு குறையவான்னு, அவ தன் வாயைத் தானே காவல் காத்தா. ம்?

அப்போ ஆவுடைக்கு ஒரு பிள்ளை பிறந்துச்சு. பொண்ணு. கன்னம் ரெண்டும் தக்காளி தக்காளியா.

தாத்தா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "என் பேரைத்தான் வைக்கணும்"னாரு. "பேரன் பிறந்தாத்தானய்யா தாத்தா பேரு"ன்னு சொந்தக்காரங்க இழுத்தாக. "முத்துல ஆணென்ன, பொண்ணென்ன? எனக்குப் பேர் சொல்ல ஒரு பிள்ளை வந்தாச்சு"ன்னு மீசையை முறுக்கிக்கிட்டாரு. தாய்மாமன் வந்தான். பிள்ளை நாக்குல சீனித்தண்ணி தொட்டு வச்சு, காதுல "வெயிலுமுத்து, வெயிலுமுத்து, வெயிலுமுத்து"ன்னு மூணு தரம் சொன்னான். கறிச்சோறு தின்னான், ஏப்பம் விட்டான், ஊருக்குப் போயிட்டான்.

அப்புறம்தான் கூத்து. பேரு வச்சாச்சு, யாரு கூப்பிடுறது?

உச்சிமாளி ஆச்சிக்கு அது புருசன் பேரு. ஆவுடைக்கு மாமனார் பேரு. சங்கையாவுக்கு அப்பன் பேரு. அப்பன் பேரைச் சொல்லி "ஏ வாடி, போடி"ன்னு மகளைக் கூப்பிட முடியுமா? தாத்தாவாவது கூப்பிடலாம். அவருக்கோ தன் பேரைத் தானே கூப்பிட வெக்கம். "ஏ பேத்தி"ன்னுருவாரு. அக்கம்பக்கமும் அந்த வீட்டு வழக்கப்படி "பெரியவர் பேத்தி"ன்னே சொல்லிப் பழகிருச்சு. ஆவுடை அவளை ராசாத்தின்னா, தாயின்னா, சாமின்னா. பிள்ளை தவழ்ந்து, நடந்து, ஓடி, வாயாடி ஆயிட்டா. இப்படியே பேர் சொல்ல வந்த பிள்ளைக்குத் தன் பேரே தெரியாது!

ம் கொட்டு. ம்.

அப்புறம் ஒரு பங்குனி மாசம். வெயிலுகந்தாளுக்குப் பொங்கல். சங்கையா வத்தல் மூடை ஏத்திக்கிட்டு தூத்துக்குடிக்குப் போயிட்டான். அதனால தாத்தா வண்டியைப் பூட்டினாரு. உச்சிமாளி, ஆவுடை, பிள்ளை, புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், எல்லாம் ஏறிச்சு. ஜல் ஜல் ஜல் ஜல்னு போயிச் சேர்ந்தாக. பொட்டல் முழுக்க சனம். எல்லாம் வேற வேற ஊருச் சனம், ஒரு முகம் தெரிஞ்ச முகம் இல்ல. தாத்தா வண்டியை அவுத்துப் போட்டு, தூரத்துல ஒரு உடைமரத்தடியில மாட்டுக்குக் காவல் உக்காந்தாரு. இவுக மூணு பேரும் அம்மன் முன்னாடி போயி அடுப்பு வச்சாக.

ஆவுடை குனிஞ்சு ஊதுறா. புகை. ஊதுறா. புகை. பிள்ளை அவ முந்தானை நுனியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அப்போ பொங்கல் 'புஸ்ஸ்'னு பொங்கிச்சு பாரு, பொம்பளைக எல்லாம் 'உலுலுலுலு'ன்னு குலவை போட்டாக. ஆவுடையும் கண்ணை மூடிக் குலவை போட்டா. கண்ணைத் திறந்து பார்த்தா, முந்தானை இருக்கு, பிள்ளை இல்ல.

இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம் இல்ல. பானைக்குப் பின்னாடி இல்ல. ஆவுடை கரண்டியைப் போட்டுட்டு ஓடினா. மிட்டாய்க்கடை, ராட்டினம், பொரி விக்கிற இடம்னு அலைஞ்சா. எங்க பார்த்தாலும் தலை. கொட்டு ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம்.

"ராசாத்தீ! ஏ ராசாத்தீ!"ன்னு கத்தினா.

சடசடன்னு திரும்புச்சு பாரு, பொட்டல்ல இருந்த பொட்டப்பிள்ளை பூராவும்! மொட்டை போட்ட ராசாத்தி, மூக்கு ஒழுகுற ராசாத்தி, ஐஸ் சூப்புற ராசாத்தி. எந்த ஆத்தாளுக்குத் தன் பிள்ளை ராசாத்தி இல்ல? ஒருத்தி சண்டைக்கே வந்துட்டா. "எம் பிள்ளையை எதுக்குடி கூப்பிடுற?" ஆனா ஆவுடை பிள்ளை மட்டும் அதுல இல்ல.

அப்போ ஆவுடை, "தாயீ! ஏ தாயீ!"ன்னு கத்தினா.

கிழவிக எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாக. "என்ன தாயி?", "மயக்கமா தாயி?", "தண்ணி குடி தாயி." ஒரு கிழவி செம்புத் தண்ணியை மடக்குனு அவ வாயில ஊத்திருச்சு. நல்ல சனம்தான். ஆனா பிள்ளையைக் காணோம்.

அப்புறம் ஆவுடைக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. கொண்டை அவுந்து தலைவிரி கோலம். புகையில கண்ணு செவசெவன்னு இருக்கு. கையும் காலும் வெடவெடன்னு ஆடுது. "சாமீ! என் சாமீ! எங்க போன சாமீ! வந்துரு சாமீ!"ன்னு ஓலம் போட்டா.

அம்புட்டுத்தான். "ஏய், சாமி வந்துருச்சுடோய்!"னு ஒருத்தன் கத்தினான். கூட்டம் வட்டமா கூடிருச்சு. உடுக்கைக்காரர் ஓடி வந்தாரு. டும்டும் டுடும், டும்டும் டுடும். மஞ்சத்தண்ணியைத் தலையில ஊத்தினாக. வேப்பிலையை மூஞ்சியில அடிச்சாக. உடுக்கைக்காரர் கண்ணை உருட்டிக்கிட்டு, "வந்திருக்கது யாரு? பேரைச் சொல்லு! பேரைச் சொல்லு!"ன்னு கேட்டாரு.

"சாமியும் வரல பூதமும் வரல, என் பிள்ளையைக் காணோம்"னு ஆவுடை கத்துறா. உடுக்கைச் சத்தத்துல யாருக்குக் கேக்குது? "பேரைச் சொல்லாம விட மாட்டேன்! டும்டும் டுடும்! பேரைச் சொல்லு!"

ம்? முழிச்சுத்தான் இருக்கியா? சரி. ஆவுடை அந்த வட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கட்டும். நாம பிள்ளை என்ன ஆச்சுன்னு ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துருவோம்.

பிள்ளை வளையல் சத்தம் கேட்டுப் போயிருச்சு. கிணுகிணு கிணுகிணுன்னு கேட்டுச்சா, அது பின்னாடியே போயி, ஒரு வளையல்காரி கடை முன்னாடி உக்காந்துருச்சு. சிவப்பு, பச்சைன்னு பார்த்துக்கிட்டே இருந்து, அப்புறம் திரும்பிப் பார்த்தா அம்மா இல்ல. உதட்டைப் பிதுக்கிச்சு.

வளையல்காரி மடியில தூக்கி வச்சுக்கிட்டா. "அழாத. உன் பேரு என்ன?"

"ராசாத்தி."

"எல்லாரும் ராசாத்திதான். பேரு என்ன?"

"ராசாத்தி. இல்லாட்டி தாயி."

"சரிதான். உங்க அப்பா பேரு?"

"அப்பா."

"அம்மா அவரை என்னன்னு கூப்பிடுவா?"

"இந்தாருங்க."

"தாத்தா பேரு?"

"பெரியவுக."

வளையல்காரி நெத்தியில அடிச்சுக்கிட்டா. ஊரு பேரு கேட்டா "நம்ம ஊரு"ங்குது பிள்ளை. இந்தக் கூட்டத்துல, 'இந்தாருங்க'வோட மக, 'பெரியவுக'ளோட பேத்தின்னு யாரைப் போயித் தேடுறது?

"என் பேரைப் பாரு. தவுட்டம்மா. எனக்கு முன்னாடி பிறந்ததெல்லாம் தங்கல. அதனால எங்க ஆத்தா என்னை ஒரு முறம் தவிட்டுக்குப் பக்கத்து வீட்டுல வித்துட்டு, மறுபடி வாங்கிக்கிட்டா. அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு எமன் ஏமாந்து போவானாம். தவிட்டுக்கு வித்தவளுக்கே ஒரு பேரு இருக்கு. உனக்கு இல்லாமலா இருக்கும்?"னு பேசிக்கிட்டே, பிள்ளை நெத்தி வேர்வையைத் துடைச்சா. "ஸ்ஸப்பா, என்னா வெயிலு!"

அவ்வளவுதான். பிள்ளை டபக்குனு வளையல்காரி வாயைப் பொத்திருச்சு. குட்டிக் கையால.

"சொல்லக் கூடாது!"

"எதை?"

"அதை. சொன்னா தாத்தாவுக்கு ஆகாது. மேல காயுறதுன்னு சொல்லணும்."

வளையல்காரி கண்ணு பளிச்சுன்னு ஆயிருச்சு. அவளும் ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டவதான? அவளுக்கா தெரியாது? ஓகோ, அப்போ தாத்தா பேரு வெயிலுல ஆரம்பிக்குது. ஆனா வெயிலுகந்தா சீமையில வெயிலாண்டியும் வெயிலப்பனும் வீட்டுக்கு ஒருத்தன் இருப்பான். இது எந்த வெயிலு?

"வேற என்னெல்லாம் சொல்லக் கூடாது கண்ணு? அத்தைகிட்ட மெதுவாச் சொல்லு."

பிள்ளை அவ காதுல குசுகுசுன்னு, "வேப்பமரத்து வீட்டுக்காரி பேரு"ன்னுச்சு.

"அவளை அவ வீட்டுக்காரரு என்னன்னு கூப்பிடுவாரு?"

"ஏ முத்து."

வளையல்காரி பிள்ளை கன்னத்தைக் கிள்ளினா. "வெயிலுமுத்து! நீ மூத்த பேத்தியா? ஆமாவா? அப்போ உனக்கும் அதான்டி பேரு. அதான் உங்க வீட்டுல ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கிறாக!" வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாக? இங்க வாயைப் பொத்தியே பிழைச்சுருச்சு ஒண்ணு. வளையல்காரி வளையலைப் போட்டது போட்டபடி விட்டுட்டு, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுக் கிளம்பினா. கத்திக் கூப்பிடலாம்னா, காலையிலருந்து "வளையலு வளையலு"ன்னு கூவி அவ தொண்டை கட்டிப் போயிருந்துச்சு. அதனால காதைத் தீட்டிக்கிட்டு நடந்தா. எங்கயாவது அந்தப் பேரு கேக்குதான்னு.

கேக்குமா? யாரு கூப்பிடுவா? அதான் யாரும் கூப்பிட மாட்டாங்களே!

ம். இப்போ ஆவுடைகிட்ட வா.

டும்டும் டுடும். "பேரைச் சொல்லு!" கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு உச்சிமாளி உள்ள வந்தா. ஆவுடை அவ காலைக் கட்டிக்கிட்டா. "அத்தை, பிள்ளையைக் காணோம். எல்லாப் பேரும் கூப்பிட்டுட்டேன். வரல."

"எல்லாப் பேருமா?"ன்னு கேட்டா உச்சிமாளி.

இன்னொரு பேரு இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஆவுடைக்கு அந்தப் பேரு நெஞ்சுலருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துருச்சு. "வெ..."ன்னா. உடைமரத்தடியில உக்காந்திருக்கிற மாமா ஞாபகம் வந்துச்சு. கருப்பட்டி மிட்டாய் ஞாபகம் வந்துச்சு. பேரைச் சொல்லி அவருக்கு ஒண்ணுன்னா? சொல்லாம பிள்ளைக்கு ஒண்ணுன்னா? பாவம், அவ நிலைமை யாருக்கும் வரக் கூடாது. வாயைத் திறக்கிறா, மூடுறா, திறக்கிறா, மூடுறா. அப்போ உச்சிமாளி கை மேல வந்துச்சு. அத்தை மறுபடி வாயைப் பொத்தப் போறான்னு ஆவுடை நினைச்சா.

உச்சிமாளி வாயைப் பொத்தல. தன் கழுத்துத் தாலியை எடுத்துக் கையில இறுக்கிப் பிடிச்சா.

"தாலி என்னோடது. நான் சொல்றேன். கூப்பிடு."

"ஐயோ அத்தை, கூப்பிட்டாலும் அது தன் பேருன்னு அவளுக்குத் தெரியாதே!"

"குடுத்த அம்மனுக்குத் தெரியும். கூப்பிடுடி!"

ஆவுடை எந்திரிச்சு நின்னா. மூச்சை இழுத்தா. வாக்கப்பட்டு வந்ததுலருந்து முழுங்கி முழுங்கி வச்சிருந்தது மொத்தமும் வெளிய வந்துச்சு.

"வெயிலுமுத்தூ! ஏ வெயிலுமுத்தூ!"

உடுக்கை நின்னுருச்சு. "அப்படிப் போடு, பேரைச் சொல்லிருச்சு!"ன்னு உடுக்கைக்காரர் நெத்தி வேர்வையைத் துடைச்சாரு. ஆவுடையோ சொன்ன வாயைத் தானே பொத்திக்கிட்டா. உச்சிமாளி அவளைப் பார்த்தா. பாவம்னு ஒண்ணு வந்தா உனக்கு மட்டும் ஏன் வரணும், ரெண்டு பேருக்கும் வரட்டும்னு, அவளும் பல்லு போன வாயை அகலத் திறந்தா.

"வெயிலுமுத்தூ! அடி என் வெயிலுமுத்தூ!"

அம்மாடி, அப்படி ஒரு குரலை இந்தச் சீமை அதுவரைக்கும் கேட்டதில்ல. பொட்டல் முழுக்க கணீர்னு கேட்டுச்சு. வளையல்காரி காதுலயும் விழுந்துச்சு. "இந்தா இருக்கா! இந்தா இருக்கா உங்க வெயிலுமுத்து!"ன்னு கட்டின தொண்டையோட கீச்சுக் கீச்சுன்னு கத்திக்கிட்டே, கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு ஓடி வந்தா.

ஆவுடை பிள்ளையைப் பிடுங்கினா. முதுகுல பளார்னு ஒண்ணு வச்சா. அப்புறம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. பிள்ளையும் அழுதுச்சு. வளையல்காரியும் சேர்ந்து அழுதா. அழுது முடிச்சுட்டு இடுப்புல கையை வச்சுக்கிட்டு ஒரு பிடி பிடிச்சா. "ஏன்மா, பேரு வைக்கிறது கூப்பிடவா, பெட்டியில பூட்டவா? பிள்ளை என் வாயைப் பொத்தலைன்னா நான் எந்த ஊருன்னு தேடுவேன்?" ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. வேற என்ன செய்ய முடியும்? சொன்னது நியாயம்தான.

அப்போ தடதடன்னு ஒரு சத்தம். பார்த்தா, தாத்தா ஓடி வர்றாரு! துண்டைக் காணோம். ஒரு கால்ல செருப்பு இருக்கு, ஒரு கால்ல இல்ல. பொடிப்பய ஓடுற மாதிரி ஓடி வர்றாரு. வந்து நின்னு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது.

"யாரு... யாரு என்னைக் கூப்பிட்டது?"

ஆவுடைக்கு உசுரே போயிருச்சு. மாமாவுக்கு மூச்சு வாங்குதே, சொன்னது பலிச்சுருச்சேன்னு, பிள்ளையோட அப்படியே அவரு கால்ல விழப் போனா. உச்சிமாளி முன்னாடி வந்து மறிச்சு நின்னா.

"நாந்தான் கூப்பிட்டேன். உங்களை இல்ல, பிள்ளையை. காணாமப் போச்சு, கூப்பிட்டேன். கிடைச்சுருச்சு. என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க."

தாத்தா அப்படியே தரையில உக்காந்துட்டாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு.

"ஆத்தா போனப்புறம் அந்தப் பேரை யாரும் கூப்பிட்டதில்ல"ன்னாரு. "அய்யான்னாக, மாமான்னாக, பெரியவரேன்னாக. எனக்கு ஒரு பேரு இருந்ததே மறந்து போச்சு. இப்போ மரத்தடியில கண்ணசந்து இருந்தேனா, வெயிலுமுத்தூன்னு கேட்டுச்சு. ஆத்தாதான் கூப்பிடுறான்னு நினைச்சு ஓடி வந்துட்டேன்."

உடுக்கைக்காரர் கூட உடுக்கையைக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. ஆவுடைக்கு மனசு விட்டுப் போச்சு. ஆயுசு குறையும்னு பயந்து, இத்தனை நாளா இந்த மனுசனுக்கு அவரு பேரைக் குடுக்காமலே வச்சிருந்தோமேன்னு நினைச்சு நினைச்சு அழுதா.

அப்போ பிள்ளை தாத்தா மடியில ஏறி உக்காந்துச்சு. "தாத்தா, வெயிமுத்து யாரு?"

"நீதான்."

"நானா? அப்போ நீங்க?"

"நானுந்தான்."

பிள்ளைக்கு ஒரே சந்தோசம். "வெயிமுத்து, வெயிமுத்து"ன்னு குதிச்சுச்சு. "வெயிலு... லுவை முழுங்காத"ன்னு தாத்தா சொல்லிக் குடுத்தாரு. அப்புறம் உச்சிமாளியை ஏறிட்டுப் பார்த்தாரு. "ஏ புள்ள, இன்னொரு தடவை கூப்பிடேன்."

"போங்க அங்கிட்டு, இத்தனை சனத்துக்கு முன்னாடி"ன்னு அவ முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. கிழவிக்கு வெக்கத்தைப் பாரேன்!

அப்புறம் வளையல்காரி பிள்ளை கை நிறைய வளையல் போட்டு விட்டா, காசு வாங்க மாட்டேன்னுட்டா. அவளுக்குப் பானைப் பொங்கல்ல பாதியைக் குடுத்தாக. வண்டியைப் பூட்டினாக. ஜல் ஜல் ஜல் ஜல். தாத்தா முன்னாடி உக்காந்து மாட்டை ஓட்டுறாரு. பிள்ளை ஆவுடை மடியில சுருண்டு படுத்துருச்சு. கொஞ்ச தூரம் போனதும் உச்சிமாளி மெதுவா, "வெயிலுமுத்து..."ன்னா.

முன்னாடியிலருந்து தாத்தா, "ம்"னாரு.

"உங்களை இல்ல, பிள்ளையைக் கூப்பிட்டேன்"னா அவ.

"சரி சரி"ன்னாரு அவரு.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "வெயிலுமுத்து..."ன்னா. "ம்"னாரு. ஊரு வந்து சேர்ற வரைக்கும் அவ கூப்பிட்டுக்கிட்டேதான் வந்தா. பிள்ளை எப்பவோ தூங்கிப் போச்சு. அப்போ யாரைக் கூப்பிட்டான்னு ஆவுடை கேக்கவே இல்ல.

ம்? ம் கொட்டல? சரி, கொட்ட வேண்டாம். வண்டியும் வீடு வந்துருச்சு, மாட்டையும் அவுத்துக் கட்டியாச்சு. கதை படுத்துருச்சு, நீயும் தூங்கு.